சிவப்புச் செயின்சாவுக்கு விபூதித் தண்ணீர்

போன மாதம் தெலுக் இந்தானில் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுகூடினோமே, அந்த மண்டபத்தில் மீ கோரேங் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது உங்களில் ஒருவர் என் தோளைத் தட்டி, "உங்கப்பாதானே அந்தச் செயின்சா பைத்தியம்?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "பாவம்லா, அந்த ஓட்ட மெஷின நம்பித்தானே பொண்டாட்டிய பறிகொடுத்தாரு" என்று இன்னொருவர் சொன்னார். தட்டை எடுத்துக்கொண்டு வந்து ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

கேட்டவர் மேல் கோபமில்லை. கொஞ்சம் இருக்கிறது, பொய் சொல்வானேன். நமக்கெல்லாம் அறுபது நெருங்கிவிட்டது. முட்டிவலி, சர்க்கரை, ஆளுக்கொரு மாத்திரை டப்பா. இன்னும் எத்தனை ஒன்றுகூடலுக்கு வந்து சேர்வோமோ தெரியாது. அம்மா போன அன்றைக்கு நடந்ததில் பாதியைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். மீதியை நான் வைத்திருக்கிறேன். ஈப்போவில் இருக்கும் என் தங்கையும் இதைப் படிப்பாள். படிக்கட்டும்.

அப்பாவுக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. காலையில் டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு போனால் மத்தியானம் புல்மருந்து வாடையோடு திரும்புவார். அம்மாவுக்கு ரப்பர்ப் பால்மரம் சீவும் வேலை. எஞ்சினுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் ஏழு தலைமுறைக்குச் சம்பந்தமில்லை. எழுபதுகளின் நடுவில், கிழட்டுப் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட ஆரம்பித்தார்கள், நினைவிருக்கிறதா? குத்தகை எடுத்த சீன முதலாளி தவுக்கேயின் ஆட்கள் மரம் அறுக்கும் செயின்சாக்களோடு வந்து, பதினெட்டாம் நம்பர் காட்டோரம் கொட்டகை போட்டுத் தங்கினார்கள். பழுதாகிப்போன செயின்சாவைக் கொட்டகைக்குப் பின்னால் தூக்கி எறிந்துவிடுவார்கள். அது மழையில் கிடந்து துருப்பிடிக்கும்.

ஒரு நாள் அப்பா அதில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "சும்மா கெடந்துச்சு" என்றார். சும்மா இல்லை, ஒரு பலாப்பழத்தைக் கொடுத்துவிட்டுத்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அம்மாவுக்கு அப்புறம்தான் தெரிந்தது. எங்கள் வீட்டு மரத்தில் அந்த வருடம் காய்த்ததே இரண்டு பழம்.

அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் சாக்கை விரித்து, ஒவ்வொரு திருகாகக் கழற்றுவார். கழற்றிய வரிசைப்படியே சாக்கில் வைத்துப் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் நம்பர் போடுவார். துருப்பிடித்ததைப் பிஸ்கட் டின்னில் டீசல் ஊற்றி ஊறவைப்பார். கார்புரேட்டரில் ஊசி நுழையாத ஓட்டைகள் இருக்கும். அவற்றைத் தென்னை ஈர்க்குச்சியைச் சீவிக் குத்தி எடுப்பார். அழுக்கைத் துடைக்கக் கோழி இறகு. எங்கள் வெள்ளைச் சேவல் அவரைக் கண்டாலே ஓடும். பெட்ரோலையும் எண்ணெயையும் கலந்து, அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியில் இரண்டு முறை வடிகட்டித்தான் டாங்கியில் ஊற்றுவார். எங்களுக்குக் குடிக்கிற தண்ணீரைக்கூட ஒரு முறைதான் வடிகட்டுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கயிற்றை இழுத்து ஓட்டிப் பார்ப்பார். அதற்கு முன்னால் என் காதில் பஞ்சு வைப்பார். மெஷின் உறுமும், நீலப் புகை கொடியில் காயும் துணியிலெல்லாம் ஏறும், நாய்கள் ஓடும், அடுத்த வீட்டு அக்கா "ஐயோ, என் புள்ள தூங்குதுண்ணே" என்று கத்துவார். மூன்று நிமிடம். அவ்வளவுதான். அணைத்துவிட்டுத் துடைத்துப் பலகையில் வைப்பார். வேடிக்கை என்னவென்றால், அவற்றில் ஒன்றால்கூட அவர் ஒரு குச்சியை அறுத்ததில்லை. வீட்டுக்கு விறகு கோடாலியில்தான் பிளந்தார்.

"இத்தன மெஷின வச்சிக்கிட்டு வெறகாச்சும் அறுக்கலாம்ல?" என்று அம்மா கேட்பார்.

"பல்லு தேஞ்சிரும்டி" என்பார் அப்பா.

எங்கள் வீட்டு வரிசையான லயத்து ஆட்களுக்கு அவர் மேல் கடுப்பும் இருந்தது. பால்மரம் போனால் சீவுகிறவர்களுக்குப் பிழைப்பு போகும். அந்த மரத்தைச் சாய்க்கிற சாமானுக்கு ஒருத்தன் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறானே என்று வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எங்கள் வாசலிலேயே வந்து கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டே, "மெஷினு என்னண்ணே செய்யும், ஆட்டுறவன் ஆட்டுறான்" என்றார். எதற்காக அதைச் செய்கிறார் என்று அம்மாவுக்கே அவர் சொன்னதில்லை. ஆனால் செத்துக் கிடந்த ஒன்று முதல் தடவையாக ஓடும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அந்த முகத்துக்காகத்தான் அம்மா நீலப் புகை ஏறிய துணியை மறுபடி துவைத்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

ஒரு தடவை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனார். அங்கே ஒரு பழைய இரும்புக் கடை. கடைக்காரக் கிழவருக்குக் கந்தோனீஸ் சீனம் தவிர வேறு பாஷை வராது. அப்பாவுக்கு அது வராது. அப்பா கடை வாசலில் நின்று வாயாலேயே மெஷினை ஓட்டிக் காட்டினார். "ர்ர்ர்ர்ர்... டுக் டுக்... டப்." கிழவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு உள்ளே போய், சரியாக அந்தச் சாமானைக் கொண்டு வந்து வைத்தார். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

அங்கிருந்து மாமா வீட்டுக்குப் போனோம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். ஈப்போவில் சர்க்கார் உத்தியோகம், இஸ்திரி மடிப்புக் கலையாத காற்சட்டை. அத்தைக்குக் குழந்தை இல்லை. என்னை மடியில் வைத்துக்கொண்டு தலை பின்னிவிட்டுக்கொண்டே இருப்பார். அப்பாவின் பையிலிருந்த இரும்பைப் பார்த்துவிட்டு மாமா, "என்ன மாப்ள, இன்னும் குப்பதான் பொறுக்குறீங்களா?" என்றார். அப்பா அதற்கும் சிரித்தார்.

அந்த வருடம் வந்து சேர்ந்தது ஏழாவது செயின்சா. மற்ற ஆறையும்விடப் பெரியது. கோயில் திருவிழாவுக்கு வாங்கி மீந்த சிவப்புச் சாயத்தை அதற்கு அடித்தார். அது ஓடும், ஆனால் பத்து நிமிடத்தில் நின்றுவிடும். ஆற வைத்து இழுத்தால் மறுபடி ஓடும், மறுபடி நிற்கும். மூன்று மாதம் அதோடு போராடினார். பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரை நாலு தடவை பிரித்தார். சாப்பாடு இறங்கவில்லை. "என்ன நோவுன்னே புடிபடலடி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பின்வாசற்படியில் தாடையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார். எனக்கு ஒன்பது வயது. அவரை அப்படிப் பார்க்க எனக்குத் தாங்காது.

அப்போது அம்மா நிறைமாதம். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போயிருந்ததால், கோயில் பூசாரி மந்திரித்த விபூதியைப் பொட்டலமாகக் கொடுத்திருந்தார். தினமும் காலையில் ஒரு சிட்டிகையைப் பித்தளை டம்ளர் தண்ணீரில் கரைத்து அம்மா குடிப்பார். பொட்டலம் சாமிப் படத்துக்குப் பின்னால், எனக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். அம்மாவுக்கு விபூதி மேல் அவ்வளவு நம்பிக்கை. ரேடியோவுக்குப் பட்டை போடுவார், அப்பாவின் சைக்கிளுக்குப் போடுவார். ஆயுத பூஜையன்று செயின்சாக்கள் எல்லாவற்றுக்கும் போடுவார். மேலே பூசுவது வேறு. உண்மையிலேயே சீக்கு வந்தால் உள்ளே கொடுக்க வேண்டும். எனக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லி விபூதித் தண்ணீரை ஊற்றியிருக்கிறார், மறுநாள் நான் எழுந்து ஓடியிருக்கிறேன். எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

வெள்ளிக்கிழமை. அம்மா பாதி டம்ளரைக் குடித்து, மீதியை அப்புறம் குடிக்கலாம் என்று மூடிவைத்துவிட்டுப் படுத்திருந்தார். அப்பா வேலைக்குப் போயிருந்தார். நான் அரிசி டின்னின் மேல் ஏறி, பொட்டலத்திலிருந்து ஒரு பிடி எடுத்தேன். சிட்டிகை இல்லை, பிடி. பெரிய மெஷினுக்குப் பெரிய மருந்து. டம்ளரில் போட்டுக் கலக்கினேன். பின்னால் போய், அப்பா பெட்ரோல் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்தேன். அதுதானே அதன் வாய். முதலில் கரண்டியில் மூன்று தடவை ஊற்றினேன், எனக்கு ஊற்றுகிற மாதிரி. பிறகு எதற்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று டம்ளரோடு கவிழ்த்தேன். மூடியை இறுக்கித் திருகினேன். "சீக்கிரம் நல்லாயிரு" என்று சொன்னேன். டம்ளரைக் கழுவிக் குடத்துத் தண்ணீர் பிடித்து மூடிவைத்தேன். அம்மா எழுந்து அதைத்தான் குடித்தார்.

வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது என்று அம்மா சொல்லியிருக்கிறார். அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அப்பா சைக்கிளை வாசலில் அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். மருந்தடிக்கும்போது அவர் முதுகு டாங்கியிலிருந்து மருந்து வருவது நின்று போயிருக்கிறது. பார்த்தால் மூடியில் காற்றுப் போக இருக்கும் சின்ன ஓட்டை அடைத்திருக்கிறது. முள்ளால் குத்திவிட்டதும் மருந்து பாய்ந்திருக்கிறது. அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் தாலிக்கயிற்றில் தொங்கிய ஊக்கைக் கேட்டு வாங்கினார். செயின்சாவின் மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். அதிலும் ஓர் ஓட்டை, சிவப்புச் சாயம் போய் அடைத்திருந்தது. குத்தி எடுத்தார்.

"இவ்ளோதாண்டி. மூச்சு முட்டித்தான் நின்னுருக்கு. இனிமே நிக்காது."

டாங்கிக்குள் அவர் எட்டிப் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? அவரே வடிகட்டி ஊற்றிய பெட்ரோல். உடனே ஓட்டிப் பார்க்கக் கயிற்றில் கை வைத்தார். அம்மாவுக்குக் காலையிலிருந்து இடுப்புவலி. "இன்னிக்கு வேணாங்க, தலய இடிக்குது" என்றார். அப்பா கையை எடுத்துவிட்டார். அம்மாவைப் பிரசவத்துக்கு ஈப்போவுக்குக் கூட்டிப்போக மாமாவும் அன்றைக்குத்தான் வந்திருந்தார். திங்கட்கிழமை போவதாகப் பேச்சு. என் விபூதிதான் அப்பாவுக்கு அந்த ஓட்டையைக் காட்டிக்கொடுத்தது என்று நான் சந்தோஷமாகச் சாப்பிட்டேன். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

அன்று ராத்திரி பேய்மழை, சூறைக்காற்று. ஞாயிறு விடிந்து அம்மா எழுந்தபோது பாயெல்லாம் இரத்தம். தோட்டத்து டிரசர் வந்து பார்த்தார். "இங்க வச்சுக்கிட்டிருக்க முடியாதுய்யா, ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். தோட்டத்து லோரியில் மெத்தையைப் போட்டு அம்மாவை ஏற்றினார்கள். என்னை விட மாட்டேன் என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டதால் நானும் ஏறினேன். இந்தக் காற்றுக்கு எங்காவது மரம் சாய்ந்திருக்கும் என்று அப்பா சிவப்புச் செயின்சாவையும் பெட்ரோல் டின்னையும் தூக்கிப் போட்டார். லயத்து ஆண்கள் ஏழெட்டுப் பேர் கோடாலியோடு, ஒரு சைக்கிளையும் தூக்கிப் போட்டுக்கொண்டு தொற்றிக்கொண்டார்கள். உங்களில் சிலருடைய அப்பாக்களும் அதில் இருந்தார்கள்.

ஒரு கல் தூரம்தான் போனோம். செம்மண் ரோட்டின் குறுக்கே பெரிய பால்மரம் வேரோடு விழுந்து கிடந்தது. இரண்டு பக்கமும் பாரிட்டுக் கால்வாயில் தண்ணீர் ரோட்டு மட்டத்துக்கு நின்றது. சுற்றிப்போக வழியில்லை. மாமா குதித்து இறங்கினார். "மெத்தையோட தூக்கி அந்தப் பக்கம் கொண்டு போயிருவோம். ஒருத்தன் சைக்கிள்ல போயி அடுத்த தோட்டத்துக் கிராணியோட காரக் கூட்டிட்டு வரட்டும்."

அது நல்ல யோசனை. இப்போது எல்லாருக்கும் தெரிகிறது. ஆனால் அப்பா செயின்சாவைக் கையில் எடுத்துவிட்டார். "பத்து நிமிசம் மச்சான். அவள ஆட்ட வேணாம். ரத்தம் போகுதுல்ல. பத்தே நிமிசத்துல லோரியே போயிரும். இப்ப இது நிக்காது."

இரண்டாவது இழுப்பிலேயே அது ஓடியது. அந்த உறுமலைக் கேட்டு ஆண்கள் தலையாட்டினார்கள். மாமாகூட ஒதுங்கி நின்றார். மஞ்சள் மரத்தூள் பீச்சியடித்தது. அப்பா வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மரத்தை அறுக்கிறார். நான் லோரியின் பலகையைப் பிடித்து எட்டிப் பார்த்து, "அறுக்குதும்மா, அப்பா அறுக்குறாரும்மா" என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டே சிரித்தார்.

மரத்தில் பாதி போயிருக்கும். மெஷின் திக்கியது, வெள்ளையாக ஆவி விட்டது, நின்றது. மரத்தின் பாரம் இறங்கிச் செயின்சாவை இறுக்கிக் கவ்விக்கொண்டது. அப்பா கயிற்றை இழுத்தார். இழுத்தார், இழுத்தார். சட்டைப்பையில் இருந்த புது பிளக்கை மாற்றினார். மறுபடி இழுத்தார். "இப்ப ஓடிரும் மச்சான். ஒரு நிமிசம். எங்க தப்புன்னு தெரியும் எனக்கு." தெரியாது அவருக்கு. உள்ளங்கை கிழிந்து கயிறு சிவந்தது.

அப்போது எனக்குச் சந்தேகம் வந்தது. வரவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். விபூதி கெடுதல் செய்யாது, ஆனால் தண்ணீர்? மழையில் நனைந்த மெஷின் ஓடாது என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். நான் லோரியிலிருந்து இறங்கி அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மூன்றடி தூரம். "அப்பா, டாங்கிக்குள்ள தண்ணி ஊத்தினேன்" என்று சொல்லியிருந்தால் போதும். கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் புதுப் பெட்ரோல் ஊற்றியிருப்பார். டின் லோரியிலேயே இருந்தது. மாமாவின் முகத்தைப் பார்த்தேன். மாமா கத்திக்கொண்டிருந்தார். நான் திரும்பி லோரிக்கு ஓடிவிட்டேன்.

"ஏன் சத்தம் நின்னு போச்சு?" என்று அம்மா கேட்டார்.

"இப்ப ஓடிரும்மா."

"மாமாகிட்ட போயி, அப்பாவ ஏச வேணாம்னு சொல்லு" என்றார். நான் அதையும் போய்ச் சொல்லவில்லை.

கடைசியில் மாமா அப்பாவைப் பிடித்துத் தள்ளினார். அப்பா செம்மண்ணில் விழுந்து கிடக்க, மற்றவர்கள் மெத்தையோடு அம்மாவைத் தூக்கி மரத்தைத் தாண்டினார்கள். சைக்கிள் போய்க் கார் வர அதற்குமேல் அரை மணி. மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் பெண்குழந்தை உயிரோடு பிறந்தது. அம்மா மத்தியானம் இரண்டு மணிக்குப் போய்விட்டார். உடம்பில் இரத்தமே இல்லை, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று டாக்டர் மாமாவிடம் சொல்லியிருக்கிறார். மாமா அதைச் சாவு வீட்டில் எல்லாரிடமும் சொன்னார்.

மரத்திலிருந்து பிடுங்கிய செயின்சாவை யாரோ கொண்டுவந்து எங்கள் பின்வாசலில் போட்டிருந்தார்கள். அப்பா அதன் பக்கம் திரும்பவேயில்லை. பதினாறாம் நாள் கருமாதி. அன்று காலை, ஆட்கள் வருவதற்கு முன்னால், அவர் பின்னால் போய் உட்காரும் சத்தம் கேட்டது. நான் கதவோரம் நின்று பார்த்தேன். மூடியைத் திறந்து டாங்கியை ஒரு மங்குத் தட்டில் கவிழ்த்தார். பெட்ரோல் வழிந்தது, அதன் பின்னால் தண்ணீர், அதன் பின்னால் வெள்ளைச் சேறு. இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். மோந்து பார்த்தார். தலையைத் தூக்கி, திறந்த கதவு வழியாகச் சாமிப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எனக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது. நின்ற இடத்திலேயே போய்விட்டேன். அவர் எழுந்து வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்க் கால் கழுவி வேறு பாவாடை கட்டிவிட்டார். திரும்பிப் போய்த் தட்டைச் சவுக்காரம் போட்டு மூன்று தடவை கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

கருமாதிச் சாப்பாடு முடிந்ததும், மாமா எல்லார் முன்னாலும் எழுந்து நின்றார். "என் தங்கச்சிய குப்ப இரும்புக்குப் பலி குடுத்தாச்சு. பச்சப் புள்ளையாவது பொழைக்கட்டும். நாங்க கொண்டு போறோம்." மண்டோர் தலையாட்டினார். பெரியவர்கள் எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்திருக்கலாம். மெஷின் மேல் தப்பில்லை, டாங்கிக்குள் இது இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, இதோ சொல்லப்போகிறார், என் பேரைச் சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் தூளியிலிருந்து பாப்பாவை எடுத்து அத்தையின் மடியில் வைத்தார். "பால் சூடு பாத்துக் குடுங்க. இதுக்கு நாக்கு மெல்லிசு" என்றார். அவ்வளவுதான்.

ஆறு செயின்சாவையும் தவுக்கேயின் ஆட்களுக்கே கொடுத்துவிட்டார். சிவப்பைப் பாரிட்டில் தள்ளினார். அப்புறம் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்தார் என்றால், ஒன்றும் செய்யவில்லை. படியில் உட்கார்ந்திருந்தார்.

நான் எப்படி வளர்ந்தேன் என்று கேட்கிறீர்களா? அப்பாவுக்குத் தெரியும், தெரிந்தும் என்னை ஒரு அடி அடிக்கவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தேன். மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்கு வைப்பார். மன்னித்துவிட்டார் என்று நினைப்பேன். கிழிந்த உள்ளங்கையின் தழும்போடு எனக்குத் தலை பின்னிவிடுவார், மன்னித்துவிட்டார். ஆறாம் வகுப்பில் நான் தேறியபோது லயம் முழுக்க மிட்டாய் கொடுத்தார். என் கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது அழுதார். ஒவ்வொன்றையும் நான் எண்ணி எடுத்து வைத்துக்கொண்டேன். நான் அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அவருக்குத்தான் தெரியுமே.

தங்கை ஈப்போவில் வளர்ந்தாள். மாமாவையும் அத்தையையும் அப்பா, அம்மா என்றாள். எங்கள் அப்பாவை மாமா என்று கூப்பிட்டாள். விவரம் தெரிந்து, உண்மை சொல்லப்பட்ட பிறகும் அப்படியேதான் கூப்பிட்டாள். யாரால் தன் அம்மா செத்தாள் என்பதையும் சேர்த்துத்தானே சொல்லியிருப்பார்கள். தீபாவளிக்கு அப்பா சட்டைத்துணி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போவார். அவள் அத்தைக்குப் பின்னால் நின்று வாங்கிக்கொள்வாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா, "நல்லா வளந்துட்டாள்ல" என்று நாலு தடவையாவது சொல்வார்.

எண்பதுகளின் கடைசியில் அப்பாவுக்கு நெஞ்சு கெட்டுப்போனது. அத்தனை வருடம் மூச்சோடு இழுத்த மருந்து. ஈப்போ ஆஸ்பத்திரியில் போட்டிருந்தோம். ஒரு நாள் சாயந்திரம், பார்க்கிற நேரத்தில், தங்கை பள்ளிக்கூட உடையோடு வந்தாள். பதினாலு வயசு, அம்மாவின் அதே நெற்றி. கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. "வாரேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள், என் மேல்தான். "போதும்பா. அவகிட்ட நான் உண்மையச் சொல்லப்போறேன். அந்த மெஷின் ஏன் நின்னுச்சுன்னு சொல்லப்போறேன்" என்றேன்.

அப்பா சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ.

"உனக்கும் தெரியுமா?" என்று கேட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எப்பப் பாத்த? நான் கொட்டும்போதா?" மூச்சு வாங்கினார். "சொல்லிராதம்மா. யாருகிட்டயும் சொல்லிராத. உங்கம்மா பாவம். நான் அந்த மெஷினோட கெடந்து மாரடிக்கிறதப் பாக்க மாட்டாம, தனக்குன்னு வச்சிருந்த தண்ணிய அதுக்கு ஊத்திட்டா. நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சா. வெளிய சொன்னா, தன் சாவத் தானே தேடிக்கிட்டான்னு பேசுவாங்க. சின்னவளுக்கு அம்மா மொகமே தெரியாது. நெனப்புலயாச்சும் நல்லபடியா இருக்கட்டும். என்னை ஏசிட்டுப் போறாங்க, எனக்கென்ன."

நான் வாயைத் திறந்தேன். பதினாலு வருடம். அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் என்னை மன்னிக்கவேயில்லை, மன்னிக்க அவரிடம் ஒன்றுமே இருந்ததில்லை. நடுத்துண்டு மீன் வெறும் மீன்தான். அப்பா, அது அம்மா இல்லப்பா, நான். அவ்வளவு சின்ன வாக்கியம் அது.

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு சிரித்தார். மெஷின் முதல் தடவை ஓடும்போது வருமே, அந்த முகம்.

"ஏசிக்கிட்டே இருப்பா என்னை. ஆனா தான் குடிக்கிறதக் கொண்டு போயி ஊத்தியிருக்கா பாரு. அவ்ளோ ஆச என் மேல. அத நெனச்சிக்கிட்டுத்தான்மா இத்தன வருசம் ஓட்டினேன்." என் மணிக்கட்டை ஒரு தடவை ஆட்டினார். "சொல்ல மாட்டேல்ல?"

"சொல்ல மாட்டேன்பா" என்றேன்.